முட்டிக்கொண்ட பத்தாம் நாள்

மூத்தவள்: நேத்து வலது பக்கம்னுதானே சொன்ன?

இளையவள்: நேத்தா...? ஆமா, நேத்து வலது. இன்னிக்கு இடது.

மூத்தவள்: அதெப்படி மாறும்? வலி என்ன வாடகைக்கா குடியிருக்கு, இந்தப் பக்கம் காலி பண்ணிட்டு அந்தப் பக்கம் போக?

இளையவள்: என்னைக் கேட்டுட்டா வருதுக்கா அது? ஷீட்டைப் பிடிங்க.

மூத்தவள்: பிடிச்சாச்சு. உன் முனை ரெண்டும் இருக்கா?

இளையவள்: இருக்கு. உதறட்டுமா?

மூத்தவள்: மெதுவா... மெதுவான்னு சொன்னேன்ல! பட்டாசு வெடிச்ச மாதிரி என்னடி சத்தம்?

இளையவள்: தினமும் உதறுற சத்தம்தானே?

மூத்தவள்: உனக்காகத்தான் சொல்றேன். தலையில அடிபட்டவளுக்குச் சத்தம் ஆகாது. இரு, அந்தப் பக்கத்து ட்யூப்லைட்டையும் அணைச்சுட்டு வரேன்.

இளையவள்: அதையும் அணைச்சுட்டா சினிமா கொட்டகைதான். துணியில கறை இருந்தா எப்படித் தெரியும்?

மூத்தவள்: ஜன்னல் வெளிச்சம் போதும். உன் கண்ணு கூசக் கூடாது.

இளையவள்: எனக்குக் கூசலையே.

மூத்தவள்: கூசலையா? கொஞ்சம்கூடவா?

இளையவள்: இல்ல... கொஞ்சம். கொஞ்சம் கூசுது.

மூத்தவள்: அப்படிச் சொல்லு. கூசத்தான் செய்யும். சரி, கிட்ட வா. முனையைக் கொடு.

இளையவள்: இந்தாங்க. கீழ் மடிப்பை நான் எடுக்கிறேன்.

மூத்தவள்: எடு.

இளையவள்: பாருங்க, நான் 'எடுக்கிறேன்'னு சொல்றேன், நீங்க 'எடு'ன்னு சொல்றீங்க. எவ்வளவு சுலபமா இருக்கு! இந்த ரெண்டு வார்த்தையை முன்னாடியே சொல்லியிருந்தா நாம முட்டியிருக்கவே மாட்டோம்.

மூத்தவள்: சொல்றதுக்கு வாய் வரணுமே. ரெண்டு வருஷமா வாயில பூட்டு. அது தெரியாம நம்ம சூப்பர்வைசர், ரெண்டு பேரும் அண்ணன் தம்பி பொண்டாட்டிங்க, ஒரே வீட்டு மருமகளுங்க, ஒத்துமையா மடிப்பாங்கன்னு ஜோடி போட்டுட்டாரு.

இளையவள்: ஒத்துமையாத்தானே குனிஞ்சோம்?

மூத்தவள்: சிரிக்காதடி. முனையைக் கையில வெச்சிருக்கிறவ நிமிர்ந்து நிக்கணும், எதிர்ல நிக்கிறவதான் குனியணும். லாண்டரியில நேத்துச் சேர்ந்தவளுக்குக்கூட இது தெரியும். அன்னிக்கு முனை என் கையில. மடிப்பு நழுவினதும் நான் எதுக்குக் குனிஞ்சேன்? என் தப்பு.

இளையவள்: நானும் வாயைத் திறந்து, 'இருங்க, நான் எடுக்கிறேன்'னு சொல்லியிருக்கலாம். வீம்பு. இவகிட்ட நான் என்ன பேசுறதுன்னு நினைச்சேன்.

மூத்தவள்: 'இவ'ளா?

இளையவள்: அப்ப நினைச்சதைச் சொன்னேன்க்கா!

மூத்தவள்: நானும் உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணும் நினைச்சுட்டு இருக்கல. விடு. டங்குன்னு ஒரு சத்தம்... மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே அங்க நின்னவங்களுக்கெல்லாம் கேட்டுதாம்.

இளையவள்: உங்க தலை கருங்கல்லு.

மூத்தவள்: அதைத்தான் நானும் சொல்றேன். என்னுது கருங்கல்லு, உன்னுது பிஞ்சு.

இளையவள்: முப்பத்தெட்டு வயசுப் பிஞ்சு.

மூத்தவள்: சரி, காலையில எந்திரிக்கும்போது எப்படி இருந்தது? எந்திரிச்ச உடனே?

இளையவள்: இருந்தது.

மூத்தவள்: 'இருந்தது'ன்னா எப்படி? குத்துதா, பிடிச்சு அழுத்துதா? பின் மண்டையிலிருந்து கண்ணுக்கு இழுக்குதா?

இளையவள்: ஆமா.

மூத்தவள்: எதுக்குடி ஆமா?

இளையவள்: நீங்க சொன்ன எல்லாத்துக்கும்.

மூத்தவள்: வாந்தி?

இளையவள்: என் வீட்டுக்காரர் போட்ட காப்பியைக் குடிச்சதுக்கு வந்திருக்கணும். வரல.

மூத்தவள்: என் கொழுந்தன் காப்பியெல்லாம் போடுறானா?

இளையவள்: எனக்குத் தலையில அடிபட்டதுல இருந்து போடுறாரு. உங்க புண்ணியம்.

சூப்பர்வைசர்: என்னம்மா, இங்க என்ன சூரிய கிரகணமா? யாரு லைட்டை அணைச்சது?

மூத்தவள்: இவளுக்குக் கண்ணு கூசுது சார்.

சூப்பர்வைசர்: ஜோடி போட்டதுல இருந்து மூணு மாசமா ஊமைப்படம் ஓட்டினீங்க. இப்ப பேசும்படம் ஆரம்பிச்சு பத்து நாளாச்சு, இடைவேளையே விட மாட்டேங்கிறீங்க. பேச்சை மடிச்சு வெச்சுட்டு ஷீட்டை மடிங்க. ரெண்டு மணிக்குள்ள நாலாவது மாடி அறைங்க எல்லாத்துக்கும் போகணும்.

இளையவள்: போயிடும் சார்.

சூப்பர்வைசர்: போச்சே, நேத்தும்தான் போச்சு. பதினாலு ஷீட்டைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. எல்லாம் கோணல். ஓரம் ஓரத்தோட சேரல. பெரியம்மா, உங்க கையில கோணலை நான் இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லையே?

மூத்தவள்: அது... பிரஸ் மெஷின் சரியா இழுக்கல சார்.

இளையவள்: இல்ல சார், என் தப்புதான். எனக்குத்தான் தலைவலி, பிடி நழுவிடுது.

சூப்பர்வைசர்: அப்படித்தான் நானும் நினைச்சேன். இந்தாம்மா, சீட்டு எழுதிட்டேன். ஓட்டல் டாக்டர் மேல வந்தாச்சு. பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவாரு. விட்டா அடுத்த வியாழக்கிழமைதான். சீட்டு இல்லாம யாரையும் பார்க்க மாட்டாரு, தொலைச்சுடாத.

இளையவள்: எதுக்கு சார் இப்ப சீட்டெல்லாம்... நானா கேட்டேன்?

சூப்பர்வைசர்: நீ கேட்கல. உங்க அக்காதான் மூணு நாளா என்னை நச்சரிச்சாங்க. ஈர ட்ராலியையும் உனக்குப் பதிலா அவங்களேதான் தள்றாங்க. கூடப் பொறந்தவகூட இப்படிப் பார்த்துக்க மாட்டா. போய்க் காட்டிட்டு வா.

மூத்தவள்: போவா சார். நான் அனுப்புறேன்.

இளையவள்: ... என்னக்கா இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?

மூத்தவள்: சொன்னா நீ வேண்டாம்ப. மணி என்ன?

இளையவள்: எதிர் சுவத்துலதானே கடிகாரம் இருக்கு?

மூத்தவள்: மணி என்னன்னா மணியைச் சொல்லேன்.

இளையவள்: பதினொண்ணு அஞ்சு.

மூத்தவள்: கிளம்பு.

இளையவள்: இந்தக் கட்டை முடிச்சுடலாம். பிடிங்க.

மூத்தவள்: கட்டு எங்கயும் ஓடிடாது. இன்னிக்கு எத்தனையாவது நாள்னு தெரியுமா உனக்கு?

இளையவள்: வியாழக்கிழமை.

மூத்தவள்: கிழமையைக் கேட்கல. முட்டி இன்னிக்குப் பத்தாவது நாள்.

இளையவள்: நீங்க நாளெல்லாம் எண்ணிட்டா இருக்கீங்க?

மூத்தவள்: எண்ணாம? ... எங்க அப்பாவைப் பத்தி உனக்குச் சொல்லியிருக்கேனா?

இளையவள்: கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாருன்னு தெரியும். எப்படின்னு சொன்னதில்ல.

மூத்தவள்: உயரமான ஆளு. மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு செருப்பைத் தேடிட்டு, நிமிரும்போது இடிச்சுக்கிட்டாரு. ரத்தம் இல்ல, வீக்கம்கூடச் சரியா இல்ல. 'படி உடைஞ்சிருக்கான்னு பாருங்க'ன்னு அவரே கிண்டல் பண்ணாரு.

இளையவள்: அப்புறம்?

மூத்தவள்: லேசா தலைவலி. மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போனாரு, வந்தாரு. 'தலைவலி யாருக்கு வரல'ம்பாரு. ஏழெட்டு நாள் அப்படியே ஓடுச்சு. அப்புறம் கையில பிடிச்ச டம்ளர் நழுவ ஆரம்பிச்சது. சட்டையில பட்டன் மாத்திப் போட்டுட்டு வருவாரு. நாங்க எல்லாம் சிரிச்சோம்டி. உட்கார்ந்து சிரிச்சோம்.

இளையவள்: ஐயோ...

மூத்தவள்: பதினோராம் நாள் எழுப்பினோம், எந்திரிக்கல. உள்ள சொட்டுச் சொட்டா ரத்தம் கசிஞ்சிருக்காம். ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தாலும் போதும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரே ஒரு நாள்.

இளையவள்: அக்கா... இத்தனை நாள் இதை மனசுல வெச்சுட்டா என்கிட்ட தினமும் கேட்டீங்க?

மூத்தவள்: பின்ன? எனக்கென்ன, உன் தலைமேல ஆசையா? பிடி. இழு. நல்லா இழு.

இளையவள்: இழுத்துட்டுத்தான் இருக்கேன். உங்க பக்கம் ஒரு முனைதான் பிடிச்சிருக்கீங்க. இன்னொண்ணு தரையில கிடக்கு.

மூத்தவள்: எங்க?

இளையவள்: உங்க காலடியில. வலது கைப் பக்கம்.

மூத்தவள்: ... ஆமா. பிடிச்சுட்டுத்தான் இருந்தேன். நைசா இருக்கு இந்தத் துணி, வழுக்குது.

இளையவள்: இருங்க, நீங்க குனியாதீங்க, நான் எடுத்துத் தரேன். உங்க கண்ணாடியை மாத்தணும்க்கா. நேத்து உங்க பொண்ணைப் பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமகூடப் படுத்துடுறீங்களாமே?

மூத்தவள்: ரெண்டு ஆள் வேலையை ஒருத்தி செஞ்சா படுக்காம ஆடவா தோணும்? பேச்சை மாத்தாத. மணி என்ன?

இளையவள்: பதினொண்ணேகால்.

மூத்தவள்: போடி, நல்லா இருப்ப. போனதும் 'லேசா வலிக்குது'ன்னு மழுப்பிட்டு வந்துடாத. கேட்க வேண்டியதைக் கேளு. காலையில எந்திரிச்சதும்தான் அதிகமா இருக்கு, நேரமாக ஆகக் குறையுதுன்னு சொல்லு.

இளையவள்: எனக்கு அப்படி இல்லையே.

மூத்தவள்: கேட்டு வை, என்ன குறைஞ்சுடப் போகுது? இருமினா, தும்மினா மண்டைக்குள்ள யாரோ உதைக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லு. நடக்கும்போது ஒரு பக்கமாச் சாய்ச்சுட்டுப் போகுது, அதையும் சொல்லு.

இளையவள்: நான் எப்பக்கா சாஞ்சு நடந்தேன்?

மூத்தவள்: உனக்குத் தெரியாது. பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம், ஸ்கேன் எடுக்கணுமா, வேண்டாமா? வேண்டாம்னா ஏன் வேண்டாம்? இது தானா சரியாயிடுமா? எத்தனை நாள்ல? இதெல்லாம் அவர் வாயால சொல்ல வெச்சு, ஒரு எழுத்து விடாம என்கிட்ட வந்து சொல்லணும்.

இளையவள்: அவ்வளவு எனக்கு ஞாபகம் இருக்காது. பேசாம நீங்களும் கூட வாங்க.

மூத்தவள்: நான் வரல.

இளையவள்: ஏன்? மேல லிஃப்ட்ல போனா ரெண்டு நிமிஷம்.

மூத்தவள்: டாக்டர் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு அன்னிக்கு எங்க அப்பாவைப் பத்திச் சொன்ன டாக்டர் மூஞ்சிதான் ஞாபகம் வரும். நீ போய்க் கேட்டுட்டு வந்து, 'ஒண்ணுமில்லையாம்க்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. அது போதும் எனக்கு.

இளையவள்: ஒண்ணுமில்லதான்க்கா. நான் போகல.

மூத்தவள்: என்னது?

இளையவள்: போகலன்னு சொன்னேன். சீட்டை சூப்பர்வைசர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்.

மூத்தவள்: இவ்வளவு நேரம் நான் யாருக்குக் கதை சொன்னேன்? செவுடன் காதுல ஊதின சங்கா? உனக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்குடி. நாளைக்குப் பதினோராவது நாள்!

இளையவள்: கத்தாதீங்க, அங்க எல்லாரும் பார்க்கிறாங்க. இப்படிக் குடுங்க, ஈரத் துணி வந்துடுச்சு, ட்ராலியை நான் தள்ளிட்டு வரேன்.

மூத்தவள்: தொட்டேன்னா கையை உடைப்பேன். அதை நான் தள்றேன். நீ மேல போ.

இளையவள்: உங்களுக்கு வேர்த்துக் கொட்டுதுக்கா. மூஞ்சி வேற வெளுத்துக் கிடக்கு. ஒன்பது நாளா தள்ளினது போதாதா? விடுங்கன்னா விடுங்க.

மூத்தவள்: நீ போறேன்னு சொல்லு, விடுறேன்.

இளையவள்: என்னத்தைன்னு போய்ச் சொல்றது அங்க? வலி இருந்தாத்தானே சொல்ல முடியும்!

மூத்தவள்: ... இப்ப இல்லையா? விட்டுவிட்டு வருதா?

இளையவள்: இப்பவும் இல்ல. நேத்தும் இல்ல.

மூத்தவள்: நேத்து வலது பக்கம்னு சொன்ன.

இளையவள்: சும்மா சொன்னேன்க்கா. எந்தப் பக்கம்னு முந்தாநாள் சொன்னேன்னு மறந்துட்டு, வாயில வந்ததைச் சொன்னேன்.

மூத்தவள்: விளையாடாதடி.

இளையவள்: என் புள்ளைங்க மேல சத்தியமா. முட்டின அன்னிக்கு வலிச்சது, அது நிஜம். மறுநாள் காலையில எந்திரிச்சேன், துடைச்சுவிட்ட மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் எனக்கு ஒரு நாள்கூட வலிக்கல.

மூத்தவள்: மறுநாளே போயிடுச்சா...?

இளையவள்: மறுநாளே.

மூத்தவள்: கண்ணு கூசறது?

இளையவள்: நீங்க கேட்டீங்க, ஆமான்னேன்.

மூத்தவள்: குத்துது, அழுத்துது, கண்ணுக்கு இழுக்குது... எல்லாத்துக்கும் தலையை ஆட்டினியே?

இளையவள்: ஆட்டினேன்.

மூத்தவள்: ஒன்பது நாளா தினமும் கேட்டேனே. 'அப்படியேதான் இருக்குக்கா'ன்னு தினமும் சொன்னியே.

இளையவள்: சொன்னேன்... ட்ராலி தள்றதுக்குப் பயந்து இல்லக்கா, அப்படி நினைச்சுடாதீங்க. அன்னிக்கு முட்டினதும் ரெண்டு கையாலயும் என் தலையைப் பிடிச்சுட்டு, 'ஐயோ சின்னவளே'ன்னு கூப்பிட்டீங்கல்ல? ரெண்டு வருஷமாச்சு அந்தக் குரலைக் கேட்டு. நான் அழுததுகூட வலியில இல்ல. நீங்க நம்பி என்கிட்ட சொன்னதை நான் மாமியார்கிட்ட போய் வத்தி வெச்சேன். அது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்குத் தெரியும். எத்தனை தடவை பேச வந்தேன், மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயிட்டீங்க. முட்டின மறுநாள் நீங்களா வந்து, 'இன்னும் வலிக்குதா'ன்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சுடுமோன்னு பயமா இருந்தது. 'இருக்குக்கா'ன்னேன். அதுக்கடுத்த நாளும் கேட்டீங்க. எனக்குக் கேட்டுட்டே இருக்கணும் போல இருந்தது. திட்டுங்க. நாலு அறைகூட விடுங்க, வாங்கிக்கிறேன். மறுபடியும் பேசாம மட்டும் இருந்துடாதீங்க.

மூத்தவள்: ...

இளையவள்: அக்கா? ஏன் சுவத்தைப் பிடிச்சுக்கிறீங்க? ... ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க? நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்க்கா, இங்க!

மூத்தவள்: திட்ட நேரமில்லடி. ரெண்டு பேருக்கும் ஒரே அடி, அவளுக்கும் இன்னும் வலிக்குது, அப்ப இது இப்படித்தான் இருக்கும்போல, பயப்பட வேண்டாம்னு... தினமும் உன் வாயால கேட்டுட்டுப் போய்த்தான் ராத்திரி கண்ணை மூடினேன். அப்ப எனக்கு மட்டும்தானா? ... அந்தச் சீட்டுல உன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதி, என்னைக் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போ. காலையில இருந்து எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுது.